புதன்கிழமை மதியம் யாருக்கு ஓய்வு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன மாதம் சுகாதாரக் கொள்கை பற்றி ஒரு பொதுச் சொற்பொழிவுக்குப் போயிருந்தேன். "அனைவரும் வருக" என்று அழைப்பில் போட்டிருந்தது. ஆனால் வைத்ததோ புதன்கிழமை மதியம் இரண்டு மணிக்கு, முழுக்க ஆங்கிலத்தில். வந்தவர்களில் பாதிப்பேர் டாக்டர்கள், மீதி மாணவர்கள். நானே பள்ளியில் அரை நாள் லீவு சொல்லிவிட்டுத்தான் போனேன்.

பேசியவர் நன்றாகவே பேசினார். 1987-இல் நம் மொரீஷியஸில் நடந்ததை அவர் சொன்னபோது எனக்கு ஒரே ஆச்சரியம், ஏனென்றால் அது நடந்தது எங்கள் வீட்டு அடுப்படியில், எங்களுக்குத்தான் தெரியாது. அதுவரை நாம் வாங்கிய ரேஷன் எண்ணெய் பெரும்பாலும் பாமாயில். அரசு அதைச் சோயா எண்ணெயாக மாற்றியது. அம்மா அதே கடையில், அதே பாட்டிலில் வாங்கி வந்து அதே மாதிரிதான் தாளித்திருப்பார். ஐந்து வருடத்தில் மக்களின் சராசரி கொலஸ்ட்ரால், ஒரு லிட்டர் ரத்தத்துக்கு 5.5 மில்லிமோலிலிருந்து 4.7-க்கு இறங்கியதாம். பிரச்சாரமும் நடந்தது, இருந்தாலும் இதில் எண்ணெய்க்குப் பெரிய பங்கு. ஆனால் சர்க்கரை நோய் அப்படி இறங்கவில்லை, இன்றும் நம் பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இருக்கிறது.

என் அக்காவுக்கும் இருக்கிறது. துணி ஆலையில் இரவு ஷிப்டு. காலை ஆறு மணிக்கு வேனை விட்டு இறங்கும்போது கால் வீங்கி, செருப்பு வார் அழுந்திய தடம் அப்படியே தெரியும். ராத்திரி மூன்று மணிக்குக் கிடைக்கிற சின்ன இடைவேளையில் இனிப்பு டீயும் வெண்ணெய் தடவிய வெள்ளை ரொட்டியும்தான், வேறு என்ன கிடைக்கும் அந்த நேரத்தில்? டிஸ்பென்சரிக்குப் போனால் நடக்கச் சொல்கிறார்கள், ரொட்டியைக் குறைக்கச் சொல்கிறார்கள். எப்போது நடப்பாள் என்று யாரும் கேட்டதில்லை. மாவுக்கு அரசு மானியம் கொடுப்பதால் வெள்ளை ரொட்டி மலிவு, தவிட்டு ரொட்டி விலை கூட. எண்ணெயை மாற்ற முடிந்தவர்களால் இந்த மானியத்தையும் மாற்ற முடியாதா என்று அன்றைக்குக் கேட்க நினைத்தேன். கேள்வி நேரம் பத்து நிமிடம், அதற்குள் மைக் முன்வரிசையைத் தாண்டவில்லை.

1860-களில் மலேரியா வந்தபோதும் இதே கதைதான். வசதி உள்ளவர்கள் தலைநகர் போர்ட் லூயியை விட்டு, குளிர்ச்சியான கியூர்பிப் மேட்டுக்கு ஏறிவிட்டார்கள், கரும்புத் தோட்டத்தில் கிடந்த நம் முன்னோர் எங்கே ஏறுவார்கள்?

அதனால் இந்தச் சொற்பொழிவுகளை நடத்துகிறவர்களுக்கு உங்கள் பத்திரிகை வழியாக ஒரு வேண்டுகோள். ஞாயிற்றுக்கிழமை பூஜை முடிந்ததும் கோயில் மண்டபத்துக்கு வாருங்கள். காவடிக்கு அன்னதானப் பந்தி போட்டு ஏழு கறியோடு ஊருக்கே பரிமாறுகிற இடம் அது, நாற்காலியும் உண்டு, மைக்கும் உண்டு. இங்கே எல்லோரும் பேசுகிற கிரியோல் மொழியில் பேசுங்கள், முடிந்தால் கொஞ்சம் தமிழிலும். அரை மணி நேரம் நீங்கள் பேசினால் ஒரு மணி நேரம் எங்களைப் பேச விடுங்கள், ஆலையில் வேலை செய்கிறவர்களைக் கட்டாயம் முன்வரிசையில் உட்கார வையுங்கள். ஆசிரியர் அவர்களே, தேதியை ஒரு வாரம் முன்னாடியே நீங்கள் பத்திரிகையில் போட்டால் அக்காவின் ஷிப்டை மாற்றிக் கேட்டு, அவளை நானே அழைத்து வருவேன்.

இப்படிக்கு,
ஒரு தமிழாசிரியை,
ரோஸ் ஹில்