கராஜ் விரிவாக்கப் பணி: முடியாத வேலைக்கு மீதிப் பணம் கேட்பது குறித்துப் புகார்

அனுப்புநர்:
உங்கள் வாடிக்கையாளர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்.

பெறுநர்:
நிர்வாக இயக்குநர் அவர்கள்,
கட்டுமானம் மற்றும் வீடு புதுப்பிப்பு நிறுவனம்,
டர்பன்.

பொருள்: கராஜின் பின்சுவர், தரைமட்டம், பிளான் ஒப்புதல் ஆகியவற்றைச் சரிசெய்து தரக் கோருதல்.

ஐயா,

வணக்கம். மீதித் தொகை 42,000 ராண்டை உடனே கட்டச் சொல்லி உங்கள் அலுவலகத்திலிருந்து மறுபடியும் பில் வந்திருக்கிறது. வேலை முழுவதும் முடிந்துவிட்டதாக அதில் எழுதியிருக்கிறீர்கள். முடியவில்லை. முடிந்ததாக நீங்கள் சொல்லும் பகுதியும் பாதுகாப்பாக இல்லை. இந்த வேலையை நாம் தமிழில் பேசித்தான் ஒப்புக்கொண்டோம். அதனால் தமிழிலேயே எழுதுகிறேன். உங்கள் கோப்புக்காக ஆங்கில நகல் ஒன்றும் இணைத்திருக்கிறேன்.

இந்த கராஜை எதற்காகப் பெரிதாக்கச் சொன்னேன் என்பது உங்களுக்குத் தெரியும். என் கணவருக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். சக்கர நாற்காலியில்தான் போய்வருகிறார். பழைய கராஜில் காரை நிறுத்தினால் கதவைப் பாதிகூடத் திறக்க முடியாது. அதனால் வாசலிலேயே இறக்கி, மழையானாலும் வெயிலானாலும் படியேற்றித் தூக்கிக்கொண்டு வர வேண்டியிருந்தது. கராஜை அகலமாக்கி, 4.88 மீட்டர் கதவு போட்டு, உள்ளிருந்தே சமையலறைக்குள் வர ஒரு வழியும் சாய்தளமும் வைக்க வேண்டும் என்று கேட்டேன். நீங்களே வந்து பார்த்தீர்கள். அவர் நாற்காலியின் அகலத்தை டேப்பில் அளந்து குறித்துக்கொண்டதும் நீங்கள்தான். "அம்மா, ஐயா காரிலிருந்து நேராக உள்ளே வரலாம்" என்றீர்கள். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டேன். வாட் வரியும் சேர்த்து 2,80,000 ராண்ட். அதில் 2,38,000 ராண்ட் கட்டிவிட்டேன். என் ஓய்வூதியச் சேமிப்பிலிருந்து எடுத்த பணம் அது.

இன்றைக்கும் அவர் வாசலில்தான் இறங்குகிறார்.

முதலில் தரையைப் பற்றிச் சொல்கிறேன், மற்ற எல்லாக் கோளாறும் அங்கிருந்துதான் தொடங்கியது. கராஜ் தரை சமையலறை வாசலைவிட 150 மில்லிமீட்டர் தாழ்வாக இருக்கும் என்று உங்கள் வரைபடத்தில் போட்டிருக்கிறது. சக்கர நாற்காலிச் சாய்தளம் 12-க்கு 1 என்ற சரிவைவிடச் செங்குத்தாக இருக்கக் கூடாது என்பது இந்த நாட்டின் கட்டட விதி. அந்தக் கணக்கில் 1.8 மீட்டர் நீளச் சாய்தளம் போதும், கராஜுக்குள் அடங்கிவிடும். ஆனால் கட்டி முடித்த தரையோ வாசலைவிட 340 மில்லிமீட்டர் கீழே இருக்கிறது. இதற்கு நான்கு மீட்டருக்கு மேல் சாய்தளம் வேண்டும். ஆறு மீட்டர் நீளமுள்ள கராஜில் அப்படி ஒன்றை வைத்தால், பக்கத்தில் கார் எப்படி நிற்கும்? உங்கள் ஆட்கள் வைத்துவிட்டுப் போன சாய்தளம் இரண்டு மீட்டர்கூட இல்லை. அதில் அவரை ஏற்ற இரண்டு பேர் தள்ள வேண்டும். இறக்கும்போது நாற்காலி கையை மீறி ஓடுகிறது. ஒரு தடவை முயன்று பார்த்ததோடு விட்டுவிட்டோம்.

தரை ஏன் இவ்வளவு கீழே போனது என்று உங்கள் மேஸ்திரியிடம் கேட்டேன். தேவைக்கு மேல் தோண்டிவிட்டார்களாம், திரும்ப மண் நிரப்பி இறுக்க நாளும் இல்லை, செலவுக்கு அனுமதியும் இல்லையாம். சரி, ஒரு தவறு நடந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதே என்னிடம் சொல்லியிருந்தால் கான்கிரீட் போடும் முன்பே சரிசெய்திருக்கலாம். யாரும் சொல்லவில்லை. அதோடு தரையைக் கராஜ் கதவுப் பக்கம் சாய்க்காமல் சமையலறைப் பக்கம் சாய்த்திருக்கிறார்கள். தண்ணீர் தெருப் பக்கம் வடிய வேண்டும் என்பது கராஜ் தரை போடும் எவருக்கும் தெரிந்த விஷயம்.

இனிப் பின்சுவர். எனக்குத் தூக்கம் போனது இதனால்தான். எங்கள் வீடு சரிவில் இருக்கிறது, சாட்ஸ்வொர்த்தில் பல வீடுகளும் அப்படித்தான். என் மாமனார் குடும்பத்தை, டர்பன் மாநகராட்சியின் இந்தியத் தொழிலாளர் குடியிருப்பான மேகசின் பாரக்ஸிலிருந்து 1960-களில் இங்கே கொண்டுவந்து விட்டபோது கராஜ் என்று ஒன்றும் கிடையாது. பிற்பாடு அவரே மண்மேட்டைத் தொடாமல், அதிலிருந்து தள்ளியே ஒற்றைக் கார் கராஜ் கட்டினார். நீங்கள் அகலப்படுத்தியது அந்த மேட்டுப் பக்கம். தரையைக் கூடுதலாகத் தோண்டியதால், சுவருக்குப் பின்னால் நிற்கும் மண்ணின் உயரமும் கூடி இப்போது ஏறக்குறைய 1.6 மீட்டர் ஆகிவிட்டது. அதைத் தாங்குவதற்கு நீங்கள் எழுப்பியிருப்பது 110 மில்லிமீட்டர் ஒற்றைச் செங்கல் சுவர். கொட்டேஷனில் இரட்டைச் செங்கல் சுவர் என்று எழுதி, அதற்கான காசும் வாங்கியிருக்கிறீர்கள்.

சுவருக்குப் பின்னால் ஜல்லி போடவில்லை. அடியில் துளைக் குழாய் பதிக்கவில்லை. நீர் வடிவதற்குச் சுவரில் ஓர் ஓட்டைகூட இல்லை. ஈரத்தடுப்புத் தாளும் இல்லை. தோண்டிய மண்ணையே திரும்பத் தள்ளி மூடிவிட்டார்கள். மழை பெய்தால் அந்த மண் நீரைக் குடித்து ஊதுகிறது. நீருக்குப் போக வழியில்லாததால் அதன் அழுத்தம் முழுவதும் சுவர்மேல் வருகிறது. முதல் பெருமழைக்கே சுவரின் நடுவில் படிக்கட்டு வடிவில் ஒரு விரிசல் ஓடியது. அடுத்த மழைக்கு அதன் வழியே தண்ணீர் கசிந்து, தரைச் சரிவைப் பிடித்துக்கொண்டு சமையலறை வாசலில் வந்து தேங்கியது. இப்போது சுவரின் நடுப்பகுதி உள்பக்கம் தள்ளி நிற்பது கண்ணுக்கே தெரிகிறது.

வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினேன். "பூச்சு காயும்போது வரும் விரிசல், பெயின்ட் அடித்தால் போய்விடும்" என்று உங்கள் அலுவலகப் பெண் பதில் போட்டார். அவரை நான் குறை சொல்லவில்லை, யாரோ சொல்லிக்கொடுத்ததைத்தான் எழுதியிருப்பார். ஆனால் 2022 ஏப்ரலில் இந்த மாகாணத்தில் வெள்ளத்திலும் மண்சரிவிலும் 400-க்கும் மேற்பட்டோர் இறந்ததை டர்பனில் தொழில் செய்யும் நீங்கள் மறந்திருக்க முடியாது. வெட்டிய மேட்டின் அடியில் நிற்கும் சுவரை இந்த ஊரில் பெயின்ட் அடித்து மறைக்கலாமா? அந்தச் சுவருக்குப் பக்கத்தில்தானே என் கணவர் காரிலிருந்து இறங்க வேண்டும்?

இதை உங்களுக்கு முன்பே சொன்ன ஒருவர் இருந்தார். அந்தச் சுவருக்குச் செங்கல் எடுத்துக்கொடுத்த வயதான தொழிலாளி, பின்னால் கல்லும் குழாயும் போடாவிட்டால் சுவர் நிற்காது என்று என் காதுபடவே மேஸ்திரியிடம் சொன்னார். மேஸ்திரி அவரை அதட்டி அனுப்பிவிட்டார். அப்புறம் அதே தொழிலாளர்கள் கூலி வரவில்லை என்று என் கேட்டில் வந்து நின்றார்கள். நீங்கள் வேலையை உள் காண்ட்ராக்டுக்கு விட்டிருந்தது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. வெயிலில் நாள் முழுக்க உழைத்தவர்களுக்கு என்னால் டீயும் ரொட்டியும்தான் கொடுக்க முடிந்தது. அவர்கள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவர்கள் கூலி இன்னும் பாக்கி இருந்தால், என்னிடம் மீதி கேட்பதற்கு முன்னால் நான் ஏற்கெனவே கட்டிய பணத்திலிருந்து அதைக் கொடுத்துவிடுங்கள்.

பிளான் விஷயம் இதைவிட மோசம். அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன், பிளான் பாஸ் ஆகிவிட்டதா என்று கேட்டேன். ஆகிவிட்டது என்றீர்கள். பிளான் தயாரித்துச் சமர்ப்பிக்கத் தனிக் கட்டணமும் வாங்கினீர்கள். விரிசல் வந்த பிறகு டர்பனை நிர்வகிக்கும் எத்தெக்வினி மாநகராட்சி அலுவலகத்துக்குப் போய் விசாரித்தால், எங்கள் முகவரியில் அப்படி ஒரு விண்ணப்பமே வரவில்லை என்றார்கள். 1977-ஆம் ஆண்டின் கட்டட விதிமுறைச் சட்டப்படி, ஒப்புதல் பெற்ற பிளான் இல்லாமல் கட்டக் கூடாது. 500 சதுர மீட்டருக்குள் அடங்கும் கட்டடமென்றால் மாநகராட்சி 30 நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்பதும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது. ஒரு மாதம் பொறுத்திருந்தால் போதும். முறையாகச் சமர்ப்பித்திருந்தால் அஸ்திவாரக் குழியை ஆய்வாளர் வந்து பார்த்திருப்பார், மேட்டை ஒட்டிய சுவருக்குப் பொறியாளர் கையெழுத்து எங்கே என்று அன்றே கேட்டிருப்பார். இப்போது நிலைமை என்ன? இடிக்கச் சொல்லி நீதிமன்ற உத்தரவு வந்தால் இடிபடுவது என் வீட்டுக் கட்டடம். காப்பீட்டு நிறுவனம் கேட்டால் காட்ட என்னிடம் ஒரு தாளும் இல்லை. நாளை வீட்டைப் பிள்ளைகள் விற்க நினைத்தாலும் இதில்தான் முட்டிக்கொண்டு நிற்பார்கள்.

கதவு மோட்டாருக்குச் சமையலறை பிளக்கிலிருந்து ஒயர் இழுத்திருப்பதையும், அதற்கு மின் இணக்கச் சான்றிதழ் தராததையும் சொல்லி வைக்கிறேன். கதவுக்கு மேலே உள்ள லிண்டல் நடுவில் தொய்ந்திருப்பதால் கதவு பாதியில் நின்றுவிடுகிறது. அதையும் பொறியாளர்தான் பார்க்க வேண்டும்.

2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 54-ஆம் பிரிவின்படி, செய்த வேலையில் குறை இருந்தால் அதைச் சரிசெய்து தரச் சொல்லவோ, கொடுத்த பணத்தில் நியாயமான பகுதியைத் திருப்பிக் கேட்கவோ எனக்கு உரிமை உண்டு. நான் முதலில் கேட்பது சரிசெய்து தருவதைத்தான். தென்னாப்பிரிக்கப் பொறியியல் மன்றத்தில் பதிவுபெற்ற பொறியாளர் ஒருவரை உங்கள் செலவில் அழைத்துவந்து பின்சுவரையும் லிண்டலையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். அவருடைய அறிக்கை உங்களுக்குப் போகும் அதே நாளில் எனக்கும் வர வேண்டும். அதுவரை சுவருக்கு முட்டுக் கொடுத்து வையுங்கள், இது இந்த வாரமே நடக்க வேண்டும். பொறியாளர் சொல்கிறபடி சுவரை இடித்துக் கட்டி, வடிகால் போட்டு, தரையை ஒப்பந்த மட்டத்துக்கு உயர்த்தித் தெருப் பக்கம் சாய்த்து, விதிப்படி சாய்தளம் அமையுங்கள். பிளானைச் சமர்ப்பித்து ஒப்புதல் வாங்குவதும், கட்டியதற்கு மாநகராட்சிச் சான்றிதழ் பெறுவதும் உங்கள் பொறுப்பு. மின்வேலைச் சான்றிதழும் வேண்டும். இவையெல்லாம் கைக்கு வந்த அன்றே 42,000 ராண்டைக் கட்டிவிடுகிறேன். அந்தப் பணம் தனியாக எடுத்து வைக்கப்பட்டிருக்கிறது.

இந்தக் கடிதம் கிடைத்த 14 நாட்களுக்குள் வேலை தொடங்கும் தேதியை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தொலைபேசியில் சொல்வது போதாது. பதில் வராவிட்டால் நுகர்வோர் பொருள் மற்றும் சேவைகள் குறைதீர்ப்பாளரிடம் புகார் கொடுப்பேன், மாநகராட்சிக் கட்டட ஆய்வாளருக்கும் நானே எழுதுவேன். சிறு உரிமைகோரல் நீதிமன்றத்தின் வரம்பு 20,000 ராண்ட்தான் என்பதால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருக்கும். அதற்காக ஒரு வழக்கறிஞரிடம் பேசியும் வைத்திருக்கிறேன்.

ஒப்பந்தம், கொட்டேஷன், பணம் கட்டிய ரசீதுகள், வரைபடம், சுவரின் தேதியிட்ட படங்கள், வாட்ஸ்அப் உரையாடல் ஆகியவற்றின் நகல்களை இணைத்திருக்கிறேன். உங்கள் பொறியாளர் டயாலிசிஸ் இல்லாத செவ்வாய் அல்லது வியாழக்கிழமையில் வந்தால் நான் வீட்டில் இருப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
சாட்ஸ்வொர்த்.