வணிக லேப்டாப் என்று சொல்லி விற்கப்பட்ட 12 கணினிகள் குறித்த புகார்

பெறுநர்:
மேலாளர், நிறுவன விற்பனைப் பிரிவு

பொருள்: எங்கள் வேலைக்குப் பொருந்தாத லேப்டாப்புகளைப் பரிந்துரைத்து விற்றது, மாற்றித் தரக் கோருவது

ஐயா / அம்மா,

வணக்கம். எங்களுடையது 14 பேர் வேலை செய்யும் கணக்கு அலுவலகம். சிறு தொழில் செய்பவர்களின் வரவு செலவு, வரிக் கணக்கு, சம்பளப் பட்டியல் எல்லாம் பார்த்துக் கொடுக்கிறோம். ஏழு மாதங்களுக்கு முன் உங்களிடம் 12 லேப்டாப்புகள் வாங்கினோம். உங்கள் பட்டியலில் ‘பிசினஸ்’ என்ற தலைப்பின் கீழ் இருந்த மாடல். பழுதான பொருளை அனுப்பிவிட்டீர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. எங்களுக்கு ஆகாத பொருளை, இதுதான் உங்களுக்கு ஏற்றது என்று சொல்லிக் கொடுத்தீர்கள் என்பதே என் புகார்.

வாங்குவதற்கு முன் உங்கள் விற்பனை ஆலோசகர் என்னிடம் அரை மணி நேரம் பேசினார். மரியாதையாகத்தான் பேசினார். எத்தனை வேண்டும், பட்ஜெட் எவ்வளவு, எப்போது வேண்டும் என்று கேட்டார். என்ன வேலை, ஒரே நேரத்தில் எத்தனை மென்பொருள் திறந்திருக்கும், யாருடைய தகவல் உள்ளே இருக்கும், ஒன்று பழுதானால் எத்தனை நாள் சமாளிப்பீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானாகச் சொல்ல ஆரம்பித்தபோதும், “எல்லாமே ஐ7 சார், அஞ்சு வருஷத்துக்குக் கவலையே வேண்டாம்” என்று முடித்துவிட்டார்.

பிராசசர் ஐ7 என்பது உண்மைதான். ஆனால் திறந்து வைத்திருக்கும் வேலைகளையெல்லாம் தாங்க வேண்டிய நினைவகமான ரேம் 8 ஜிபிதான். மாதக் கடைசியில் ஒரு நாள் எங்கள் ஊழியர் ஒருவரின் மேசையருகே நின்று பார்த்தேன். கணக்கு மென்பொருள், நாற்பதாயிரம் வரிகள் உள்ள எக்செல் கோப்பு, பிரவுசரில் வரித்துறை தளம், இவற்றோடு வாடிக்கையாளருடன் வீடியோ கால். டாஸ்க் மேனேஜரில் மெமரி 96 சதவீதம். எக்செலில் ஒரு கட்டத்தைத் தொட்டால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அவர் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். எதிர்முனையில் இருந்தவர், “லைன்ல இருக்கீங்களா?” என்று இரண்டு தடவை கேட்டார்.

சரி, ரேமைக் கூட்டிக்கொள்ளலாம் என்று எங்கள் கணினிகளைப் பார்த்துக்கொள்பவரை வரவழைத்தேன். அடிமூடியில் இருந்த பத்து ஸ்க்ரூவையும் கழற்றி, ஓரத்தை நெம்பித் திறந்து, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார். ரேம் சொருகுவதற்கு ஸ்லாட்டே இல்லை. சிப்பை மதர்போர்டிலேயே சால்டர் செய்திருக்கிறார்கள். வாங்கிய அன்று இருந்த 8 ஜிபிதான் கடைசி வரைக்கும். அதிலும் ஒரு பங்கை கிராஃபிக்ஸ் எடுத்துக்கொள்கிறது. மெல்லிய லேப்டாப்புகளில் இப்படி வருவது சகஜம் என்று இப்போது எனக்கும் தெரியும். கூட்டவே முடியாது என்னும்போது, வாங்கும் அன்றே 16 ஜிபி எடுங்கள் என்று சொல்ல வேண்டியவர் உங்கள் ஆலோசகர்தானே? ஐ7-ஐ விட்டுவிட்டு ஐ5-உம் 16 ஜிபியும் எடுத்திருந்தால் எங்கள் வேலை தடங்கலில்லாமல் ஓடியிருக்கும்.

இதைவிடப் பெரிய கவலை விண்டோஸ் பதிப்பு. 12-லும் விண்டோஸ் 11 ஹோம். எல்லாக் கணினிகளையும் ஓரிடத்திலிருந்து நிர்வகிக்கும் அலுவலகத்தின் டொமைனில் இவற்றைச் சேர்க்க முடியாது, எல்லாவற்றுக்கும் ஒரே பாதுகாப்பு விதிகளைப் போடும் குரூப் பாலிசி கிடையாது, வீட்டிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப் வழியாக இவற்றுக்குள் வரவும் முடியாது. இதெல்லாம் புரோ பதிப்பில்தான். அப்புறம் டிஸ்க் பாதுகாப்பு. ஒவ்வொருவரும் முதல் நாள் தங்கள் சொந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தார்கள். அதோடு டிஸ்க் தானாகவே என்க்ரிப்ட் ஆகி, அதாவது பூட்டப்பட்டு, அதைத் திறக்கும் 48 இலக்க மீட்புச் சாவி அந்தச் சொந்தக் கணக்குக்குப் போய்விட்டது. எங்களுக்கு இது தெரியாது, யாரும் சொல்லவும் இல்லை. வேலையை விட்டுப் போன ஒரு பெண்ணின் லேப்டாப்பில் பயாஸ் (கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் ஆனதும் நீலத் திரை வந்து அந்த 48 இலக்க எண்ணைக் கேட்டது. உள்ளே மூன்று வாடிக்கையாளர்களின் சம்பளப் பட்டியல். அந்தப் பெண்ணைத் தொலைபேசியில் பிடித்து, அவர் தன் பழைய பாஸ்வேர்டை மீட்டு, எண்ணை ஒவ்வொன்றாக வாசித்துச் சொல்ல, நாங்கள் அடித்தோம். ஒரு வேலை நாள் முழுவதும் போனது. அவர் நல்ல மனதோடு உதவினார். மனக்கசப்போடு போனவராக இருந்திருந்தால்?

பழுது பார்க்கும் விஷயமும் இப்படித்தான். ஒன்றின் சார்ஜிங் போர்ட் போனது. சேவை மையத்துக்குக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும் என்றார்கள். கொடுத்தோம், திரும்பி வர 19 நாட்கள் ஆயின. லேப்டாப்பை எங்களிடமிருந்து வாங்கி வைக்கும்போது மையத்தில் பாஸ்வேர்டை எழுதிக் கேட்டார்கள். டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொள்கிறோம் என்றேன், உத்தரவாதம் போய்விடும் என்றார்கள். அடுத்த வேலை நாளிலேயே ஆள் வந்து சரிசெய்யும் உத்தரவாதமும், டிஸ்க்கை நாங்களே வைத்துக்கொள்ளும் வசதியும் வணிகத் திட்டங்களில் உண்டு என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். அடுத்தவர் வீட்டு வருமானக் கணக்கை நம்பி வாங்கி வைத்திருப்பவர்கள் நாங்கள். அதைப் பாஸ்வேர்டோடு ஒரு கவுண்டரில் விட்டுவிட்டு வந்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

யூஎஸ்பி-சி போர்ட்டில் மானிட்டரைச் செருகினால் படம் வருவதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சார்ஜும் டேட்டாவும் மட்டும்தானாம். திரையும் விசைப்பலகையும் நன்றாக இருக்கின்றன, அவற்றில் குறையில்லை.

விவரங்களை நீங்களே படித்திருக்கலாமே என்று கேட்பீர்கள். படித்தேன். உங்கள் பட்டியலில் ‘விண்டோஸ் 11’ என்று இருந்தது, ஹோமா புரோவா என்று இல்லை. ‘8 ஜிபி’ என்று இருந்தது, கூட்ட முடியாது என்று இல்லை. ‘யூஎஸ்பி-சி’ என்று இருந்தது, படம் வருமா என்று இல்லை. ‘1 வருட உத்தரவாதம்’ என்று இருந்தது, எங்கே வைத்துச் சரிசெய்வீர்கள் என்று இல்லை.

எனவே இந்த 12-ஐயும் திரும்ப எடுத்துக்கொண்டு, 16 ஜிபி ரேமும் விண்டோஸ் புரோவும் உள்ள மாடலைத் தர வேண்டும். ஏழு மாதம் பயன்படுத்தியதற்கு நியாயமாகக் கழித்துக்கொண்டு, மீதி விலை வித்தியாசத்தை எங்களிடம் கேளுங்கள், தருகிறோம். அது முடியாது என்றால், 12-க்கும் புரோ உரிமத்தையும் இடத்துக்கே வந்து சரிசெய்யும் உத்தரவாதத்தையும் உங்கள் செலவில் தாருங்கள். எது ஆனாலும் பட்டியலில் மேலே சொன்ன நான்கு விவரங்களையும் எழுதுங்கள். இந்த வாரமும் யாரோ ஒருவர் அதைப் பார்த்து ஆர்டர் போட்டுக்கொண்டிருப்பார்.

15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். பில் நகல், 12 வரிசை எண்கள், சேவை மைய ரசீது, ஆலோசகருடன் நடந்த மின்னஞ்சல்கள் இதோடு இணைக்கப்பட்டுள்ளன. அந்த ஆலோசகர் மீது நடவடிக்கை எடுங்கள் என்று நான் கேட்கவில்லை. அவருக்கு எதைக் கேட்க வேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
அலுவலக நிர்வாகி