அந்த ரயில் பாட்டு யாருடையது?

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் பேசினால் பாதியிலேயே "சரிப்பா, வேலை இருக்கு" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் மெயில்.

நீ போட்ட மெட்டை உன் நண்பர் தன் ஆல்பத்தில் சேர்க்கிறாராம். பெயரெல்லாம் போட வேண்டாம் என்று நீயே சொல்லிவிட்டதாக அம்மா சொன்னாள். ஆயுசு முழுக்கப் பத்திரம் எழுதிப் பிழைத்தவன் வீட்டில் இப்படி ஒரு பிள்ளை!

ஓய்ந்த நேரமெல்லாம் கிட்டாரில் 'ஃப்ரெய்ட் ட்ரெயின்' (சரக்கு ரயில்) வாசிக்கிறாயே, அதை எழுதிய அமெரிக்க நாட்டுப்புறப் பாடகி எலிசபெத் காட்டனைப் பற்றிக் கொஞ்ச நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். அந்த அம்மா கடைசிக் காலத்தில் வாழ்ந்தது நீ இருக்கும் சிராக்யூஸில்தான். அவர் பெயரில் அங்கே ஒரு தோப்பும் சிலையும் உண்டு. போய்ப் பார்த்தாயா?

1893இல் வட கரோலினாவில், சேப்பல் ஹில் பக்கம் கார்பரோவில் பிறந்தவர். கறுப்பினக் குடும்பம். சிறுமியாக இருந்தபோதே வீட்டு வேலைக்குப் போய், கூலியைச் சேர்த்து 3.75 டாலருக்கு ஒரு கிட்டார் வாங்கினார். இடது கைக்காரர். கம்பிகளை மாற்றிக் கட்டாமல், வலது கைக்காரர்களின் கிட்டாரை அப்படியே தலைகீழாகத் திருப்பிப் பிடித்தார். மற்றவர்களுக்குக் கட்டைவிரல் அடிச்சுருதியைப் பார்த்துக்கொள்ளும், விரல்கள் மெட்டை வாசிக்கும். இவருக்கு எல்லாமே நேர்மாறு. சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாததும் ஒருவகையில் நல்லதாகப் போயிற்று. இருந்திருந்தால் "இப்படிப் பிடிக்காதே" என்று முதல் நாளே கையைத் தட்டியிருப்பார்கள்.

அந்த ரயில் பாட்டை அவர் கட்டியபோது வயது 11, 12 இருக்கும். வீட்டுப் பக்கம் சரக்கு ரயில் போகும் சத்தத்திலிருந்து வந்த பாட்டு. அப்புறம் கல்யாணம், குழந்தை. பக்திப் பாட்டு தவிர மற்ற பாட்டுகள் வேண்டாம் என்று தேவாலயத்தில் சொன்னார்கள். கிட்டார் பல பத்தாண்டுகள் மூலைக்குப் போய்விட்டது.

வாஷிங்டனில் ஒரு பெரிய துணிக்கடையில் வேலை பார்த்தபோது, கூட்டத்தில் தொலைந்த ஒரு சிறுமியைத் தாயிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார். சிறுமி பெக்கி சீகர், தாய் இசையமைப்பாளர் ரூத் கிராஃபர்ட் சீகர். அந்த வீட்டுக்கே வேலைக்குப் போனார். சுவரில் மாட்டியிருந்த கிட்டாரை ஒருநாள் எடுத்து வாசித்ததைப் பிள்ளைகள் கேட்டுவிட்டார்கள். சினிமாவில் வந்தால் நம்ப மாட்டோம், இல்லையா?

இனிமேல்தான் என் விஷயம். பெக்கி வளர்ந்து இங்கிலாந்து போனபோது அந்தப் பாட்டையும் அங்கே பாடினார். திருடும் எண்ணமெல்லாம் கிடையாது, பிரியத்தில் பாடினார். அங்கே கேட்டவர்களில் இரண்டு பேர் அதைத் தங்கள் பாட்டாக உரிமைப் பதிவு செய்துகொண்டார்கள். 1957இல் சாஸ் மெக்டெவிட் குழுவும் நான்சி விஸ்கியும் பாடிய இசைத்தட்டு பெரிய வெற்றி. எழுதியவரோ வாஷிங்டனில் வீட்டு வேலை செய்துகொண்டிருந்தார். சீகர் குடும்பம் சட்ட உதவியோடு தலையிட்ட பிறகுதான் உரிமை அவரிடம் திரும்பியது. அதற்குப் பின்னும் சில பாட்டுப் புத்தகங்களில் வேறு பெயர்கள் இருந்தன. நான்கெல்லை எழுதாமல் விட்ட நிலம் மாதிரிதான். பக்கத்து வயல்காரன் கெட்டவனாகக்கூட இருக்க வேண்டியதில்லை, வரப்பு தானாக நகரும்.

உன் நண்பர் நல்ல பையன் என்பாய். இருக்கட்டும். அவரிடமிருந்து அது யாரிடம் போகும் என்று உனக்கோ அவருக்கோ தெரியுமா?

பெக்கியின் அண்ணன் மைக் சீகர் ஒலிப்பதிவு செய்த காட்டனின் முதல் ஆல்பம் 1958இல் ஃபோக்வேஸ் இசைத்தட்டு நிறுவனத்தில் வந்தது. அப்போது அவருக்கு 65 வயது. மேடை, நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழா, ஊர் ஊராகக் கச்சேரி எல்லாம் அதற்குப் பிறகுதான். 1978இல் சிராக்யூஸில் வீடு வாங்கினார். 1985இல் கிராமி இசை விருது, வயது 92. வயது ஒரு தடையே இல்லை என்று இதை வாட்ஸ்அப்பில் சுற்றவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நடுவில் போன வருஷங்களுக்குக் கிராமி ஈடாகுமா?

காட்டன் பாட்டுகளில் அம்மாவுக்குப் பிடித்தது 'ஷேக் சுகரீ'. வீட்டுச் சாமானெல்லாம் ஒவ்வொன்றாக அடகுக்குப் போகும் பாட்டு. தாலாட்டு மாதிரியும் இருக்கிறது. காட்டனின் 12 வயதுக் கொள்ளுப்பேத்தி பாடியிருக்கிறாள். அடகுக் கடை என்றால் எந்த ஊரிலும் ஒன்றுதான் போல என்றாள் அம்மா.

சரி, நீ செய்ய வேண்டியது இதுதான். அமெரிக்கச் சட்டப்படி மெட்டை எழுதியோ ஒலிப்பதிவு செய்தோ வைத்தாலே உரிமை உனக்கு வந்துவிடுகிறது. ஆனால் அங்கே உருவான பாட்டுக்கு நாளைக்கு வழக்கு என்று போவதானால் அரசுப் பதிவு வேண்டும். பாட்டு வேறு, ஒலிப்பதிவு வேறு. இரண்டுக்கும் தனித்தனி உரிமை. ஒலிப்பதிவு நண்பருடையதாக இருக்கட்டும், மெட்டில் உன் பெயர் வர வேண்டும். யாருக்கு எத்தனை சதவீதம் என்று ஒரே தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். தேதி முக்கியம். பங்கை வேண்டுமானால் அவருக்கே விட்டுக்கொடு, அது உன் இஷ்டம். அதையும் எழுதியே கொடு.

கையெழுத்துப் போடும் முன் தாளை எனக்குப் போட்டோ எடுத்து அனுப்பு. சனிக்கிழமை பேசும்போது அவரையும் லைனில் சேர்த்துக்கொள். சண்டை போட மாட்டேன். சந்தேகம் மட்டும் கேட்பேன்.

அன்புடன்,
அப்பா