தேயாத பாகத்தை மாற்றாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தில் பழைய வேகக் கார்களைப் பற்றி வெளியான கட்டுரையைப் படித்தேன். கிளட்ச், கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் (இருபக்கச் சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பங்கிடும் பல்சக்கரத் தொகுதி) ஆகியவற்றில் சத்தம் எழத் தொடங்கிவிட்டால், அவற்றை மாற்ற ஆகும் செலவு காரின் மதிப்பையே விழுங்கிவிடும் என்பதால் காரை விற்றுவிடுவதே அறிவுடைமை என்று கட்டுரையாளர் முடித்திருந்தார். பின்சக்கரங்கள் இயங்கும் பழைய கார் ஒன்றைப் பல ஆண்டுகளாக நானே பராமரித்து ஓட்டி வருகிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: தேயாத பாகத்தை மாற்றுகிறபோதுதான் செலவு காரை விழுங்குகிறது.

இதை நான் கற்றது என் சொந்தப் பணத்தில். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதும் விடும்போதும் காரின் அடியிலிருந்து 'டங்' என்று ஒரு சத்தம் வந்தது. காட்டிய பணிமனையில் டிஃபரன்ஷியல் போய்விட்டது என்றார்கள். நானும் நம்பி, பிரித்துப் போட்ட வண்டியிலிருந்து கழற்றிய டிஃபரன்ஷியல் ஒன்றை வாங்கி மாட்டச் செய்தேன். காரை வெளியே எடுத்து முதல் கியரைப் போட்டதும் அதே 'டங்'. அதன் பிறகுதான் காரை ஸ்டாண்டுகளின் மேல் நிறுத்திவிட்டு (ஜாக்கை மட்டும் நம்பி அடியில் நுழையக் கூடாது) நானே கீழே படுத்தேன். கியர்பாக்ஸிலிருந்து டிஃபரன்ஷியலுக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் புரொப்பல்லர் ஷாஃப்டைக் கையால் பிடித்து முறுக்கியபோது, கியர்பாக்ஸுக்கும் ஷாஃப்டுக்கும் இடையிலிருந்த ரப்பர் கப்ளிங் நெளிந்து வாய் திறந்தது. போல்ட் துளைகளைச் சுற்றி நகக்கண் நுழையும் அளவுக்கு வெடிப்புகள். அந்த ரப்பர் வட்டின் விலை, வாங்கிய டிஃபரன்ஷியலின் விலையில் மிகச் சிறு பங்கு. மாற்ற ஒரு மதியப் பொழுது போதுமானதாக இருந்தது.

ஆகவே, பணத்தை எடுக்கும் முன் காதைத் தீட்ட வேண்டும். ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்துத் திரும்பும்போது முன்பக்கம் 'டக் டக்' என்று கேட்டால், அது முன்சக்கர இழுவைக் கார்களின் டிரைவ் ஷாஃப்டில் உள்ள வெளிப்புற சிவி ஜாயிண்ட் (சக்கரம் திரும்பினாலும் சீராகச் சுழலும் மூட்டு). அதற்குள் பெரும்பாலும் ஆறு எஃகுக் குண்டுகள் பள்ளங்களில் உருளுகின்றன. மேலே போர்த்திய ரப்பர் பூட் கிழிந்து, கிரீஸ் சிதறி, மணல் உள்ளே புகுந்த பிறகே அந்தப் பள்ளங்கள் குழிந்து போகின்றன. கிழிசலை அன்றே கண்டவருக்குப் பூட்டும் புதுக் கிரீஸும் போதும். சத்தம் வரும்வரை காத்திருந்தவர் ஜாயிண்டையே வாங்க வேண்டும். நேர்ச்சாலையில் வேகமெடுக்கையில் மட்டும் வண்டி அதிர்ந்தால் உட்புற ஜாயிண்டைப் பார்க்க வேண்டும். வேகத்தோடு ஏறும் ஊளைச் சத்தம், மிதிக்கையில் ஒரு விதமாகவும் கால் எடுக்கையில் வேறு விதமாகவும் இருந்தால் டிஃபரன்ஷியலின் கிரவுன், பினியன் பல்சக்கரங்களை அல்லது அவற்றின் பேரிங்குகளைச் சந்தேகிக்கலாம். எந்தக் கியரானாலும் மாறாமல், வண்டி இடமோ வலமோ சாயும்போது மட்டும் கூடிக் குறையும் இரைச்சல் பெரும்பாலும் வீல் பேரிங்கினுடையது. அதற்காகக் கியர்பாக்ஸை இறக்கியவர்களும் இருக்கிறார்கள்.

லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் (ஒரு சக்கரம் மட்டும் தனியே வழுக்கிச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் வகை) உள்ள கார்களில், மெதுவாக ஒடித்துத் திரும்பும்போது பின்பக்கம் கடகடத்தால் உடனே அதைப் பிரித்துவிடக் கூடாது. உள்ளே உள்ள உராய்வுத் தட்டுகள் வழுக்குவதற்குத் தேவையான சேர்மம் இல்லாத ஆயிலை யாரேனும் ஊற்றியிருக்கலாம். உரிய ஆயிலை மாற்றி, காலியான திடலில் எட்டு வடிவில் சில சுற்றுகள் ஓட்டிப் பார்த்த பிறகு முடிவெடுப்பதே முறை.

கட்டுரையாளர் உதிரிபாகங்களைக் கார் நிறுவனத்தின் பெட்டியில்தான் வாங்க முடியும் என்பதுபோல எழுதியிருக்கிறார். கழற்றிய பேரிங்கைத் துடைத்துப் பார்த்தால் அதன் விளிம்பில் எண் பொறித்திருக்கும். 6205 என்று இருந்தால் உள்விட்டம் 25 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 52, அகலம் 15. எந்த நாட்டில், எந்த நிறுவனம் செய்தாலும் அளவு மாறாது. அதே எண்ணைப் பேரிங் கடையில் கேட்டு, நம்பகமான நிறுவனத்தின் சரக்கைப் பெரும்பாலும் குறைந்த விலைக்கு வாங்கலாம். எண்ணுக்குப் பின்னே சி3 (உள்ளிடைவெளி கூடுதல் என்று பொருள்) போன்ற குறி இருந்தால் அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உள்ளிடைவெளி குறைந்த பேரிங்கைப் போட்டால் சூட்டில் இறுகிவிடும். ஆயில் சீல்களையும் இவ்வாறே மூன்று அளவுகளைச் சொல்லி வாங்கலாம். வேகக் காரின் பாகங்களில் பல, அதே குடும்பத்தைச் சேர்ந்த சாதாரண காரிலும் இருப்பவையே என்பதும் நமக்குச் சாதகம். ஆனால் ஆற்றல் கூடிய காருக்குப் பெரிய ஜாயிண்டையும் வேறு எண்ணிக்கையில் பற்கள் கொண்ட ஷாஃப்டையும் கொடுத்திருக்கக்கூடும். பழையதைக் கையில் வைத்துக்கொண்டு பற்களை எண்ணிய பிறகே பணம் கொடுக்க வேண்டும்.

கிளட்ச் வேலையில் கூலிதான் பெரிய செலவு. எனவே கியர்பாக்ஸ் கீழே இருக்கும்போதே பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், கிராங்க் ஷாஃப்டின் பின்புற ஆயில் சீல் ஆகிய எல்லாவற்றையும் மாற்றிவிடுவது சிக்கனம். சிறிய சீல் ஒன்றை மிச்சம் பிடித்து, ஆயில் கசிந்து புதுக் கிளட்ச் வழுக்கத் தொடங்கினால் அதே கூலியை மறுபடியும் கொடுக்க வேண்டியிருக்கும். இடையில் ஸ்பிரிங்குகள் கொண்ட இரட்டை நிறை பிளைவீலை (எஞ்சினோடு சுழலும் கனத்த சக்கரம்) எடுத்துவிட்டு ஒற்றை நிறை பிளைவீல் போட்டால் செலவு குறையும் என்பது உண்மை. ஆனால் அதுவரை அதன் ஸ்பிரிங்குகள் விழுங்கிவந்த அதிர்வு இனி கியர்பாக்ஸுக்குப் போகும், வண்டி நிற்கையில் பற்கள் கலகலக்கும். அன்றாடம் ஓட்டும் காருக்கு நான் அதைச் செய்ய மாட்டேன். ஆக்சில் நட்டு, ஒருமுறை மட்டுமே முறுக்கத்தக்க போல்ட்டுகள், பினியனை இறுக்கும்போது நசுங்கும் சிலீவ் ஆகியவற்றைப் பழையதையே மறுபடி போடுவது சிக்கனமாகாது. சக்கரம் அவற்றை நம்பித்தான் சுழல்கிறது.

சத்தத்தை அடக்கத் தடித்த ஆயில் ஊற்றலாம் என்ற யோசனையை மட்டும் வாசகர்கள் மறந்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். டிஃபரன்ஷியலுக்கு உரிய ஜிஎல்-5 தர ஆயிலைக் கையேட்டில் ஜிஎல்-4 தரம் என்று சொல்லியிருக்கும் கியர்பாக்ஸில் ஊற்றினால், அதன் கந்தகச் சேர்மங்கள் கியர் மாறும்போது வேகங்களை ஒத்திசைக்கும் பித்தளைச் சிங்க்ரோ வளையங்களை அரிக்கக்கூடும்; வளையம் கெட்டால் கியர் விழும்போதெல்லாம் கரகரக்கும்.

பழைய கியர்பாக்ஸோ டிஃபரன்ஷியலோ வாங்குவோர் விற்பவர் முன்னிலையிலேயே ஆயிலை வடித்துப் பார்க்க வேண்டும். கியர்பாக்ஸ் ஆயிலில் பொன்னிறத் தூள் சிறிது மினுங்கினால் அது சிங்க்ரோவின் வழக்கமான தேய்மானம். விரலில் குத்தும் எஃகுச் சில்லு வந்தால் பேரத்தை விட்டுவிடலாம். நான் வாங்கிய டிஃபரன்ஷியலில் அப்படி ஒன்றும் வரவில்லை. கழற்றி வைத்த பழையதையும் பின்னர் வடித்துப் பார்த்தேன், அதிலும் ஒன்றுமில்லை. அது இன்னும் என் வண்டிக் கொட்டகையில் சாக்குப் போர்த்திக் கிடக்கிறது.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்