அந்தக் கூடையை எந்தப் புத்தகத்தில் எழுதுவது?

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். கொழும்பில் அரச பல்கலைக்கழகம் ஒன்றின் வழங்கல் பிரிவில் இருபத்தாறு ஆண்டுகள் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பசைப் போத்தல் ஒன்று வந்தாலும் இருப்புப் பதிவேட்டில் ஏற்றி, திகதி போட்டு, கையொப்பம் வைக்கிற பிரிவு அது. பல்கலைக்கழகத்தில் இருப்பவர்களுக்கு வரும் அன்பளிப்புகளையும் அவர்களின் உறவுத் தொடர்புகளையும் பதிய ஒரு சுற்றறிக்கை கேட்டு இதை எழுதுகிறேன்.

ஒரு டிசம்பர் மாதம். ஆய்வுகூடத்துக்கு நுணுக்குக்காட்டிகள் வாங்கக் கேள்விமனு கோரியிருந்தோம். மூன்று நிறுவனங்கள் விலை கொடுத்திருந்தன. பிற்பகலில் ஒரு வான் வந்து நின்றது. சாரதி சிவப்பு நாடா கட்டிய கூடையொன்றை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். முந்திரிப்பருப்பு, கிறிஸ்மஸ் கேக், நடுவில் ஒரு கைக்கடிகாரப் பெட்டி. அட்டையில், எந்த நிறுவனத்திடம் வாங்குவது என்று ஆராயும் மதிப்பீட்டுக் குழுவின் உறுப்பினர் ஒருவரின் பெயர். எனக்கென்று தனியாக ஒரு நாட்குறிப்பு.

இதை எதில் பதிவது என்று மேலதிகாரியைக் கேட்டேன். "பதிய என்ன இருக்கிறது? அவர் வந்து எடுத்துக்கொள்வார்" என்றார். உண்மையில் பதிவதற்கு ஒரு புத்தகமும் இருக்கவில்லை.

கூடை அனுப்பிய நிறுவனத்துக்கே கேள்விமனு கிடைத்தது. அதன் விலைதான் குறைவு, முறைப்படியே கிடைத்திருக்கலாம். ஆனால் தோற்ற இரண்டு நிறுவனங்களும் வந்து கேட்டிருந்தால், அதை நிரூபிக்க எங்கள் கையில் ஒரு தாள்கூட இல்லை. நேர்மையாக முடிவெடுத்தவரும் சந்தேகத்தைச் சுமந்துகொண்டுதான் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. இத்தனை ஆண்டுகள் கழிந்தும் என்னை உறுத்துவது இதுதான்.

2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் நலன் முரண்பாட்டை, அதாவது சொந்த நலனும் பதவிக் கடமையும் மோதும் இடத்தில் முடிவெடுப்பதை, குற்றமாக்கியிருக்கிறது. சொத்துக்கள், பொறுப்புக்கள் வெளிப்படுத்தலும் அதன்கீழ் வந்துவிட்டது. நல்ல சட்டம். ஆனால் சொத்து வெளிப்படுத்தல் ஒருவரிடம் என்ன இருக்கிறது என்றுதான் சொல்லும். விலை கொடுத்திருப்பது அவருடைய மைத்துனரின் நிறுவனம் என்று சொல்லாது. வழக்கு வரும்போதுதான் சட்டம் வரும். வான் வந்து நிற்கும் பிற்பகலில் மேசையில் இருக்க வேண்டியது ஒரு பதிவேடு.

கேள்விமனு மட்டுமல்ல. பட்டமேற்படிப்பு மாணவி தன் ஆய்வேட்டைப் பரீட்சிக்கப்போகிறவருக்குப் பட்டுச்சேலை கொண்டுபோவதைக் கண்டிருக்கிறேன். அவள் இலஞ்சம் கொடுக்கவில்லை. கொடுக்காவிட்டால் என்ன நினைப்பார்களோ என்று பயந்தாள். தன் உறவினர் விண்ணப்பித்த பதவிக்கான நேர்முகத் தேர்வில் அமர்ந்தவர்களும் உண்டு. சொல்லிவிட்டு எழுந்து போயிருந்தால் அவர்களுக்கு ஒரு குறையும் வந்திராது.

வெற்றிலை கொடுத்து ஆசிரியரை வணங்குவது நம் மண்ணின் வழக்கம். அதை யாரும் குற்றமாக்க வேண்டாம். வெற்றிலைக்கும் கைக்கடிகாரத்துக்கும் நடுவில் ஒரு கோடு வேண்டும் என்றுதான் கேட்கிறேன். எத்தனை ரூபாய்க்கு மேல் பதிய வேண்டும், எதைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பதை நீங்கள் எழுத்தில் சொல்லுங்கள். பல்கலைக்கழகத்தோடு கொடுக்கல் வாங்கல் உள்ளவரிடமிருந்து வருவது எவ்வளவு சிறியதாயினும் பதியப்படட்டும். ஒவ்வொரு மதிப்பீட்டுக் குழுவும் தெரிவுக் குழுவும் கூடும்போது, உறவும் தொடர்பும் முதலில் சொல்லப்பட்டு கூட்டக் குறிப்பில் ஏறட்டும். துணைவேந்தர் முதல் காவலாளி வரை எல்லோருக்கும் ஒரே விதி. 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒருவர் வந்து கேட்டால் எடுத்துக்காட்டக்கூடியதாக அந்தப் பதிவேடு இருக்க வேண்டும். சுற்றறிக்கை தமிழிலும் வர வேண்டும். சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மட்டும் வந்த எத்தனையோ சுற்றறிக்கைகளைப் பக்கத்து மேசைக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவள் நான்.

அந்த நாட்குறிப்பை நான் வீட்டுக்குக் கொண்டுபோனேன். அதுவும் பதியப்பட்டிருக்க வேண்டியதுதான்.

டிசம்பரில் வான்கள் மறுபடியும் வரும். அதற்கு முன் வார்ட் பிளேஸில் உள்ள உங்கள் அலுவலகத்திலிருந்து அந்தச் சுற்றறிக்கை புறப்பட வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் ஒருவர்
கொழும்பு