கிணற்றங்கரையும் சாயாக்கடை பெஞ்சும்

ஐயா,

சமூகவியல் படிக்கும் என் மகள், "சமூகக் கட்டமைப்புன்னா என்னப்பா?" என்று கேட்டாள். கன்னியாகுமரி மாவட்டச் சாமித்தோப்பில் உள்ள முத்திரிக் கிணற்றைச் சொன்னேன். 19ஆம் நூற்றாண்டுத் திருவிதாங்கூரில் யார் எங்கே நீர் எடுக்கலாம், எப்படி உடுத்தலாம் என்பதைப் பிறப்பே தீர்மானித்தது. அது கட்டமைப்பு. சமூகச் சீர்திருத்தவாதி அய்யா வைகுண்டர் எல்லாச் சாதியாரையும் அந்தக் கிணற்றில் ஒன்றாக நீர் எடுக்க வைத்தார். பக்கத்தில் நின்று தண்ணீர் இறைப்பது ஊடாட்டம், அதாவது ஒருவரோடொருவர் பழகுவது. கட்டமைப்பை மாற்ற அது மட்டுமே போதவில்லை என்பதும் உண்மை. ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் தோள்சீலை (மேலாடை) அணியும் உரிமைக்குப் பல ஆண்டுகள் போராடி, 1859இல் அரசாணை வர வேண்டியிருந்தது.

சரி, இன்றைய விஷயம். எங்கள் ஜங்ஷன் சாயாக்கடையில் ஒரு நீள பெஞ்சு கிடந்தது. ஓய்வுபெற்ற ஆசிரியரும் ரப்பர் பால் வெட்டுகிறவரும் அதில் உட்கார்ந்து ஒரே பேப்பரைப் பங்கிட்டுப் படிப்பார்கள். "சாரே, நடுப்பக்கம் முடிஞ்சுதா?" என்பார் இவர். "இந்தா மக்களே" என்று நீட்டுவார் அவர். சாலையை அகலப்படுத்தியபோது பெஞ்சு போய்விட்டது. புதிய பயணியர் நிழற்குடையில் இருக்கைக்கு இருக்கை கம்பித் தடுப்பு, ஆளுக்கொரு செல்போன். அடுத்த நிழற்குடையிலாவது தடுப்பில்லாத நீள பெஞ்சு போடுங்கள். செலவும் குறைவு.

- வாசகர், தக்கலை