கை தெரியாத கிட்டார் டிவிடி: நான்காவது கடிதம்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: ப்ளூஸ் கிட்டார் டிவிடி தொகுப்பு (3 டிஸ்க், ரூ. 4,850), பணத்தைத் திருப்பித் தரக் கோருதல்

ஐயா / அம்மா,

வணக்கம். இது நான்காவது கடிதம். முதல் மூன்றுக்கும் "உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது" என்ற ஒரே பதில்தான் வந்தது. அதனால் எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதப்போவதில்லை. டிஸ்க் 1, ஏழாவது ட்ராக். உங்கள் சரக்கு, உங்களுக்குத் தெரியாததா? போட்டுப் பாருங்கள். அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸ் இசையில் பெயர்பெற்ற மிசிசிப்பி ஜான் ஹர்ட் கிட்டாரோடு உட்கார்ந்திருக்கிறார். தொப்பி தெரிகிறது, சிரிப்பு தெரிகிறது. வலது கை எங்கே?

பழைய டிவிக்காக 4:3 அளவில் எடுத்த படம் அது. இப்போதைய அகல டிவியை நிரப்பவேண்டும் என்று மேலேயும் கீழேயும் வெட்டி 16:9 ஆக்கியிருக்கிறீர்கள். உயரத்தில் கால்வாசி போச்சு. மேலே போனது வெறும் சுவர், பரவாயில்லை. கீழே போனது கை. சமையல் நிகழ்ச்சியில் அடுப்பைக் காட்டாமல் மாமியின் முகத்தையே காட்டினால் யாராவது காசு கொடுத்துப் பார்ப்பார்களா?

வேறு வீடியோ தேடிக்கொள்ள இது என்ன போன வருஷத்துக் கச்சேரியா? ஹர்ட் 1928ல் சில ரெக்கார்டுகள் கொடுத்துவிட்டு ஊரோடு போய்விட்டார். அவர் பாட்டில் வந்த ஊர்ப்பெயரைப் பிடித்துக்கொண்டு 1963ல் மிசிசிப்பி மாநிலத்து அவலான் என்ற ஊரில் அவரைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். 1966ல் இறந்துவிட்டார். அவர் வாசிப்பதைப் படம்பிடித்ததெல்லாம் அந்த மூன்று வருஷத்துக்குள்தான். பெருவிரல் தடித்த பேஸ் தந்திகளில் மாறி மாறி நடந்துகொண்டே இருக்கும், மற்ற விரல்கள் மெல்லிய தந்திகளில் பாட்டை எடுக்கும். ரெக்கார்டில் கேட்டால் இரண்டு பேர் வாசிப்பது போல இருக்கும். ஒரே ஆள்தான் என்று கண்ணால் பார்ப்பதற்குத்தான் 4,850 ரூபாய் கொடுத்தேன்.

அதே தொகுப்பில் வரும் இன்னொரு கிட்டார் கலைஞர் ரெவரெண்ட் கேரி டேவிஸும் அப்படித்தான். கண் தெரியாத மனிதர், வலது கையில் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் வைத்துக்கொண்டு அத்தனையும் வாசித்தவர். அந்த இரண்டு விரலைக்கூட நீங்கள் விட்டுவைக்கவில்லை.

இதை உங்கள் போன் ஆளிடம் சொன்னபோது வந்த பதிலை அப்படியே எழுதுகிறேன்: "ஆளு முகம் தெரியுதுல்ல சார்? பாட்டு கேக்குதுல்ல? அப்புறம் என்ன?" பின்னால் யாரோ சிரிக்கிற சத்தமும் கேட்டது. எனக்கு 58 வயது. 30 வருஷமாக கிட்டார் சொல்லிக்கொடுக்கிறேன். "அப்புறம் என்ன" என்று என்னை இதுவரை யாரும் கேட்டதில்லை. உங்கள் அழைப்புகள் பதிவாகின்றன என்று நீங்களே சொல்கிறீர்கள், எடுத்துக் கேளுங்கள். மார்ச் மாதம், மதியம்.

அதே ஆள்தான் "நேர்ல கொண்டு வாங்க, உடனே மாத்தித் தர்றோம்" என்றார். காட்பாடியில் காலை ரயில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, வெயிலில் அம்பத்தூர் வரை போனேன். அங்கே இருப்பது குடோன். வாட்ச்மேன் பாவம், "இங்க சரக்கு மட்டும்தான் சார், கஸ்டமர் யாரும் வர்றதில்ல" என்றார். கேட்டில் நின்றபடியே போன் போட்டேன். "நேர்ல வரச் சொல்லி யார் சார் சொன்னது?" என்றார் உங்கள் ஆள். நீங்கள்தான் என்றேன். போனை வைத்துவிட்டார்.

பின் அட்டையில் இன்னொரு ப்ளூஸ் மேதை ராபர்ட் ஜான்சன் பெயரையும் போட்டிருக்கிறீர்களே, அது எந்த தைரியத்தில்? அவர் இறந்தது 1938ல். நீங்கள் போட்டிருக்கும் சில வினாடித் துண்டில், பின்னால் இருக்கும் தியேட்டர் போஸ்டர் 1941ல் வந்த படத்துடையது. அது அவரில்லை என்பது எப்போதோ தெரிந்துபோன சங்கதி. தெரிந்தே விற்கிறீர்கள்.

சரி, மாற்றி அனுப்பியதாகச் சொல்கிறீர்கள். திருப்பி அனுப்பும் முன் மூன்று டிஸ்க்கிலும் நடு வளையத்தில் பால்பாயிண்ட் பேனாவால் ஒரு சின்னப் புள்ளி வைத்திருந்தேன். "புதிய" தொகுப்பு வந்ததும் பிரித்துப் பார்த்தால், மூன்றிலும் அதே நீலப் புள்ளி. மேலே புது பிளாஸ்டிக் சுற்றியிருந்தது, அவ்வளவுதான். டிஸ்க் 2 முன்பு நின்ற அதே இடத்தில்தான் இன்னமும் நிற்கிறது: ப்ளூஸ் கலைஞர் சன் ஹவுஸ், தந்தியில் இழைப்பதற்கான குழாயை விரலில் மாட்டிக்கொண்டு உலோக கிட்டாரை ஓங்கி அடிக்கிறார், கை அந்தரத்தில் உறைந்துவிடுகிறது. மொத்தத் தொகுப்பிலும் வெட்டுப்படாமல் தப்பிய ஒரே கை அது.

இந்த மூன்று மாதத்தில் நான் கிட்டாரையே தொடவில்லை. என்னிடம் படித்த இரண்டு பையன்கள் கீபோர்டுக்கு மாறிவிட்டார்கள். ரத்தக்கொதிப்பு மாத்திரை ஒன்று இரண்டாகியிருக்கிறது. இதற்கெல்லாம் சேர்த்து 2 லட்சம் கேட்டாலும் தகும்.

ஆனால் சண்டை போட எனக்கு ஆசையில்லை. பழைய படங்களைத் தேடிக் கொண்டுவந்து விற்கிற உங்களைப் போன்ற ஆட்கள் குறைவு என்பதும் தெரியும். தயவுசெய்து, வெட்டாத 4:3 படம் உங்களிடம் இருந்தால் அதை அனுப்புங்கள், பணமே வேண்டாம். இல்லையென்றால் 15 நாளுக்குள் 4,850 ரூபாயும், அம்பத்தூர் போய்வந்த செலவு 640 ரூபாயும் என் கணக்கில் வரவேண்டும்.

வராவிட்டால் நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் போடுவதோடு நிறுத்தமாட்டேன். 2019 நுகர்வோர் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், இந்தத் தொகைக்குக் கட்டணமும் கிடையாது. அப்போது காட்பாடிக்கு ரயில் ஏறவேண்டியது நீங்கள்.

இப்படிக்கு,
(கையொப்பம்)
வேலூர்

பி.கு.: குடோன் வாட்ச்மேனை எதுவும் சொல்லிவிடாதீர்கள். உங்கள் கம்பெனியில் எனக்கு ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்தவர் அவர் ஒருவர்தான்.